பதில் சொல்லும் நாற்காலி – 9: எழுதப்படாத உத்தரவு

சென்ற வாரம் மருதையாற்றுப் பாலத்தில் நிறுத்தியிருந்தேன். 1956 நவம்பர் 23 விடியற்காலை, ஆறு பெருக்கெடுத்து ஓடிய நேரத்தில், சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் புறப்பட்ட எக்ஸ்பிரஸ் ரயில் அரியலூருக்கு அருகே பாலம் உடைந்து ஆற்றில் விழுந்தது. 140-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அதைப் படித்துவிட்டு எழுதிய வாசகர்களில் பெரும்பாலானோர் விட்டது ஒரே பெருமூச்சு: அப்படி ஒரு மனிதர் இனி வருவாரா?

சாஸ்திரி மேல் எனக்கும் அதே மரியாதை உண்டு. அதே ஆண்டு செப்டம்பரில் மெஹபூப்நகர் அருகே பாலம் இடிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தபோதே அவர் விலக முன்வந்தார், நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு ஏற்றார். ஏற்றபோது மக்களவையில் நேரு சொன்னதைக் கவனிக்க வேண்டும். விபத்துக்கு சாஸ்திரி எந்த வகையிலும் காரணமல்ல, ஆனாலும் அரசியல் சாசன மரபுக்கு ஒரு முன்னுதாரணமாக இருக்கட்டும் என்று ஏற்கிறேன் என்பதே அதன் சாரம்.  ஒரு நல்ல மனிதர் தானாக எழுந்து போனார்.

அமைச்சர் நாற்காலியில் நல்ல மனிதர் உட்கார்ந்தால் நாட்டுக்கு அதிர்ஷ்டம். உட்காராவிட்டால் என்ன செய்வது? உட்கார்ந்திருப்பவர் கெட்டிக்காரராக, நாட்டுக்குப் பயனுள்ளவராக, பிரதமருக்கு வேண்டியவராக இருந்து, விலகும் எண்ணமே இல்லாதவராகவும் இருந்தால்? நாடாளுமன்ற முறையின் நட்டு, போல்ட்டு எல்லாம் அந்த நிலைமைக்காகத்தான். அவை இறுகிப் பிடித்ததை இந்தியா முதன்முதலில் முழுசாகப் பார்த்தது அரியலூர் நடந்த பதினைந்து மாதங்களுக்குள். பிடிபட்டவர் சென்னைக்காரர்: நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி.

டி.டி.கே. சாதாரண ஆள் இல்லை. வணிகத்தில் பெயரெடுத்துவிட்டு அரசியலுக்கு வந்தவர். அரசியல் நிர்ணய சபையில் இருந்தவர். பிற்பாடு வரைவுக் குழுவிலும் சேர்ந்தவர். 1948 நவம்பர் 4 அன்று அம்பேத்கர் வரைவுச் சாசனத்தை சபையில் வைத்துப் பேசியபோது, நிலைத்த ஆட்சி, பொறுப்புள்ள ஆட்சி இரண்டில் எதற்கு முன்னுரிமை என்ற கேள்வியை எடுத்துக்கொண்டார். அமெரிக்க முறையில் ஆட்சியை மக்கள் எடைபோடுவது தேர்தலுக்குத் தேர்தல். நாடாளுமன்ற முறையிலோ தேர்தலிலும் எடைபோடலாம், அன்றாடமும் எடைபோடலாம்: கேள்விகள், தீர்மானங்கள், நம்பிக்கையில்லாத் தீர்மானம், ஒத்திவைப்புத் தீர்மானம் என்று வழிகள் உண்டு. அந்த அன்றாட எடைதான் இந்தியாவுக்கு வேண்டும் என்று குழு முடிவு செய்ததாக விளக்கினார். மறுநாள் எழுந்து, வரைவு வேலையின் பாரம் கிட்டத்தட்ட முழுவதும் அம்பேத்கர் தோளில்தான் விழுந்தது என்று சபைக்கு எடுத்துச் சொன்னவர் டி.டி.கே.தான். ஒன்பது ஆண்டுகள் கழித்து அந்தத் தராசில் ஏறி நின்றவரும் அவரேதான்.

இனி பணம். 1956 ஜனவரியில் ஒரு அவசரச் சட்டத்தால் ஆயுள் காப்பீட்டுத் தொழிலை அரசு கையில் எடுத்தது. இந்தியக் கம்பெனிகள், வெளிநாட்டுக் கம்பெனிகள், சேமநிதிச் சங்கங்கள் என்று 245 நிறுவனங்கள் ஒன்றாகி, செப்டம்பர் 1 அன்று எல்.ஐ.சி. பிறந்தது. தனியார் கையில் பாலிசிதாரர் பணம் எப்படியெல்லாம் திருப்பிவிடப்படுகிறது என்று அவசரச் சட்டத்துக்கு முந்தைய மாதம், 1955 டிசம்பரில், மக்களவையில் புள்ளி விவரத்தோடு பேசியவர் ரேபரேலி உறுப்பினர் ஃபெரோஸ் காந்தி. காங்கிரஸ்காரர், நேருவின் மருமகன்.

எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் பத்திரம், பட்டாவுக்குக் கீழே துணியில் சுற்றி எல்.ஐ.சி. பாலிசி ஒன்று இருக்கும். பிரீமிய ரசீதுகளைத் தேதிவாரியாக நூலில் கோத்து வைத்திருப்பார்கள். பிரீமியம் கட்ட வேண்டிய மாதம் வந்தால் வீட்டில் வேறு செலவு பேசக் கூடாது. இப்படி லட்சக்கணக்கான பெட்டிகளில் இருந்து சேர்ந்த பணம் அது. அரசு கொடுத்த மூலதனம் 5 கோடி ரூபாய் மட்டுமே.

1957 ஜூன் மாதம், அந்தப் பணத்திலிருந்து ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ரூபாய் கல்கத்தா தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு கம்பெனிப் பங்குகளுக்குப் போனது. ஜெஸ்ஸாப், ரிச்சர்ட்சன் அண்ட் க்ரட்டாஸ், பிரிட்டிஷ் இந்தியா கார்ப்பரேஷன் உட்பட ஆறு. முந்த்ரா அப்போது கடனில் மூழ்கிக்கொண்டிருந்தார். நிதித்துறை முதன்மைச் செயலர் எச்.எம்.படேலுக்கு அவர் தன் யோசனையை எழுதிக் கொடுக்கிறார். சில நாட்களில் பேரம் முடிந்து பங்குகள் கைமாறிவிடுகின்றன. எந்தப் பங்கை வாங்குவது, எந்த விலைக்கு வாங்குவது என்று ஆலோசனை சொல்லவே எல்.ஐ.சி.க்கு ஒரு முதலீட்டுக் குழு உண்டு. அந்தக் குழுவைக் கூட்டிக் கேட்கவில்லை.

அதைவிடப் பெரிய ஓட்டை இன்னொன்று. எல்.ஐ.சி. சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி, பொதுநலம் சார்ந்த கொள்கை விஷயங்களில் மத்திய அரசு எல்.ஐ.சி.க்கு வழிகாட்டலாம், அதை எழுத்தில் தர வேண்டும். முந்த்ரா பங்குகளை வாங்கும்படி ஒரு வரிகூட எழுத்தில் இல்லை. எல்லாம் வாய்மொழி. எழுதினால் கையெழுத்து வேண்டும், கையெழுத்து இருந்தால் பிற்பாடு அதைக் காட்டி ஒருவர் கேட்பார். சட்டத்தில் அந்த ஒரு சொல்லைப் போட்டவர்கள் எதற்குப் போட்டார்களோ, அதற்காகவே அது தவிர்க்கப்பட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

செய்தி கசிந்தது. செப்டம்பரில் மக்களவையில் முதல் கேள்வி வந்தது. வந்த பதில் கேட்டவர்களைத் திருப்திப்படுத்தவில்லை. நவம்பர் 29 அன்று மீண்டும் கேள்வி.

இங்கே கொஞ்சம் நின்று, கேள்வி நேரம் என்பது கிட்டத்தில் எப்படி இருக்கும் என்று பார்த்துவிடலாம். காலை 11 மணி. வாய்மொழிப் பதில் வேண்டும் என்று உறுப்பினர் குறிப்பிட்ட கேள்விக்கு ஒரு நட்சத்திரக் குறி போடுவார்கள். அன்றைய பட்டியல் பச்சைத் தாளில் அச்சாவது வழக்கம். இப்போது ஒரு நாளைக்கு இருபது கேள்வி. சபாநாயகர் பெயரை அழைப்பார். உறுப்பினர் எழுந்து எண்ணை மட்டும் சொல்வார். அமைச்சர் எழுந்து, பதில் அவையின் மேசை மீது வைக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டு உட்காருவார். இதுவரை நடந்தது சடங்கு. அதற்குப் பிறகு வருவதுதான் துணைக் கேள்வி. அசல் கேள்விக்கு இரண்டு வாரத்துக்கு முன்பே முன்னறிவிப்பு போயிருக்கும். அதிகாரிகள் அலசிப் பதில் எழுதியிருப்பார்கள். துணைக் கேள்விக்கு முன்னறிவிப்பு கிடையாது. கேட்பவர் என்ன கேட்பார் என்று அமைச்சருக்குத் தெரியாது. தன் துறையில் நடப்பது தனக்குத் தெரியுமா தெரியாதா என்பதை அவர் அந்த இடத்திலேயே காட்டியாக வேண்டும். துறைச் செயலர் அதிகாரிகள் மாடத்தில் உட்கார்ந்து ஒரு சீட்டில் எழுதி அனுப்பலாம். அவையில் வாய் திறக்க அவருக்கு உரிமை இல்லை.

கேள்வியோடு நின்றிருந்தால் விஷயம் அங்கேயே அடங்கியிருக்கும். டிசம்பர் 16 அன்று விவாதமாக வந்தது. ஃபெரோஸ் காந்தி எழுந்தார். ஆளுங்கட்சி வரிசையிலிருந்து, மாமனார் முன்வரிசையில் இருக்க, அவர் அடுக்கிய கேள்விகள் எளிமையானவை. எந்தத் தேதியில் வாங்கினீர்கள்? அன்று சந்தையில் என்ன விலை? அதற்கு முன் என்ன விலை? வாங்கப்போகும் நேரத்தில் அந்தப் பங்குகளின் விலை எப்படி ஏறியது? கடனில் தத்தளிக்கும் ஒருவரிடமிருந்து ஏன் வாங்கினீர்கள்? தான் உருவாக்கிய மிகப் பெரிய நிதி நிறுவனத்தைக் கண்காணிக்க வேண்டியது நாடாளுமன்றத்தின் கடமை என்றும் சொன்னார். அந்தப் பேச்சில் ஆவேசத்தைவிட விலைப் பட்டியல் அதிகம். அமைச்சரைக் கிடுக்கிப்பிடியில் வைத்தது அந்தப் பட்டியல்தான்.

இதை நாடு முழுக்கப் பத்திரிகைகள் தயங்காமல் அச்சிட்டதற்கும் பின்னணி உண்டு. அவையில் ஓர் உறுப்பினர் பேசியதற்காக அவர் மேல் வழக்குப் போட முடியாது; அந்தப் பேச்சை வெளியிடும் பத்திரிகைக்கு அத்தகைய காப்பு இருக்கவில்லை. அந்தக் குறையை உணர்ந்து ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்து, 1956-ல் அதைச் சட்டமாக்கியவர் இதே ஃபெரோஸ் காந்தி. நாடாளுமன்ற நடவடிக்கைகளைக் கெட்ட எண்ணமின்றி, உள்ளது உள்ளபடி வெளியிடும் பத்திரிகைகளுக்கு அந்தச் சட்டம் பாதுகாப்பு தந்தது. நெருக்கடி நிலையின்போது இந்திரா காந்தியின் அரசு அதை நீக்கியது. 1977-ல் ஜனதா அரசு திரும்பக் கொண்டுவந்தது. கணவர் எழுதிய சட்டத்தை மனைவியின் அரசு அழித்ததில் பலருக்கு ஒரு கதைச் சுவை தெரிகிறது. எனக்கு அதில் தெரிவது ஒன்றுதான்: அவையில் கேட்கப்படும் கேள்வி சுவரைத் தாண்டி வெளியே கேட்கக் கூடாது என்று நினைக்கும் ஆட்சி, முதலில் எதன் மேல் கை வைக்கும் என்பது.

அரசு விசாரணைக்கு இணங்க வேண்டியதாயிற்று. பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி.சாக்ளாவை ஒருநபர் ஆணையமாக 1958 ஜனவரியில் நியமித்தார்கள். விசாரணையைத் திறந்த மன்றத்தில் நடத்துவதென்று சாக்ளா முடிவெடுத்தார். பம்பாய் மக்கள் திரண்டு வந்தார்கள். உள்ளே இடம் போதாமல் வெளியே ஒலிபெருக்கி வைக்க வேண்டியிருந்தது. நிதியமைச்சர், நிதிச் செயலர், எல்.ஐ.சி. தலைவர், ரிசர்வ் வங்கி கவர்னர் என்று நாட்டின் பணப்பெட்டிச் சாவியை வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து சாட்சி சொல்ல, தெருவில் நிற்பவர்கள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிப்ரவரி 10 அன்று அறிக்கை வந்துவிட்டது. ஏறக்குறைய ஒரு மாதம்! விசாரணை ஆணையம் என்றாலே ஆண்டுக்கணக்கில் நீட்டிப்பு என்று பழகிப்போன நமக்கு இது நம்பக் கடினமான வேகம்.

டி.டி.கே.யின் வாதம் என்ன? இந்தப் பேரத்துக்கு நான் ஒப்புதல் தரவில்லை, செயலர் செய்தது என்றார். அமைச்சருக்குத் தெரிந்துதான் செய்தேன் என்பது படேலின் நிலை. இரண்டு பேர் சாட்சியமும் ஒன்றையொன்று வெட்டியது. உத்தரவு எழுத்தில் இருந்திருந்தால் அரை நிமிடத்தில் தீர்ந்திருக்கும் சங்கதி.

சாக்ளா எடுத்த நிலைதான் இந்தத் தொடரில் நான் இதுவரை எழுதியவற்றிலேயே முக்கியமானது. நாடாளுமன்ற முறையில், செயலர் செய்ததற்கு அமைச்சர் சாசன ரீதியாகப் பொறுப்பு. செயலர் முதுகுக்குப் பின்னால் அவர் ஒளிந்துகொள்ள முடியாது. அவர் செய்ததை எனக்குத் தெரியாது என்று உதறவும் முடியாது. அமைச்சர் வகுப்பது கொள்கை, அதைச் செயல்படுத்துவது அதிகாரி; அந்தச் செயலுக்கான பொறுப்பும் அமைச்சருடையது.

இது அநியாயமாகத் தோன்றலாம். தெரியாமல் நடந்ததற்கு ஒருவரை எப்படித் தண்டிப்பது? அப்போதே சிலர் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். என் பதில் அந்த அதிகாரிகள் மாடத்தில் இருக்கிறது. செயலரை மக்களவை கேள்வி கேட்க முடியாது. அவர் அங்கே பேச முடியாது. மக்கள் அவருக்கு வாக்களிக்கவும் இல்லை. அவருக்குப் பதிலாக அவையில் எழுந்து பேசும் ஒரே வாய் அமைச்சருடையது. அந்த வாயும் ‘அவரைக் கேளுங்கள்’ என்று சொல்லிவிட்டால், கேட்பவருக்குப் போக வேறு இடமே இல்லை. துறையில் நடந்த நல்லதுக்கெல்லாம் அடிக்கல்லில் தன் பெயரைப் பொறித்துக்கொள்பவர், கெட்டதற்கு மட்டும் கோப்பை எடுத்து வேறொருவர் பக்கம் தள்ளக் கூடாது. நமது சாசனத்தின் 75-ஆம் பிரிவு அமைச்சரவை முழுவதும் மக்களவைக்குக் கூட்டுப் பொறுப்பு என்று சொல்கிறது. துறைக்குத் துறை அமைச்சரின் தனிப்பொறுப்பு பற்றி அதில் வெளிப்படையாக வார்த்தை இல்லை, அது மரபு. பிரிட்டனில் 1954-ல் கிரிச்சல் டவுன் நில விவகாரத்தில், அதிகாரிகள் செய்த தவறுக்காக விவசாய அமைச்சர் தாமஸ் டக்டேல் விலகியது அந்த மரபின்படிதான். மரபு யாராவது ஒருவர் மேல் ஒரு தடவையாவது வலிக்கும்படி பாய்ந்தால்தான் நாட்டில் வேர் பிடிக்கும். இந்தியாவில் அது டி.டி.கே. மேல் பாய்ந்தது.

அறிக்கையில் இன்னும் சில யோசனைகள் இருந்தன. தன்னாட்சியுள்ள நிறுவனத்தின் அன்றாட வேலையில் அரசு தலையிடக் கூடாது. தலையிட்டே ஆக வேண்டுமென்றால் எழுத்தில் உத்தரவு தரட்டும். பாலிசிதாரர் பணம் பாலிசிதாரர் நன்மைக்கே. விஷயம் தெரியவந்த உடனேயே அமைச்சர் நாடாளுமன்றத்தை நம்பி உண்மையைச் சொல்ல வேண்டும். இந்தக் கடைசி யோசனையை நான் பென்சிலால் இரண்டு முறை கோடிட்டு வைத்திருக்கிறேன். செப்டம்பரிலேயே டி.டி.கே. அவையில் எழுந்து, தவறு நடந்துவிட்டது, விசாரிக்கிறேன் என்று சொல்லியிருந்தால் அவர் நாற்காலி தப்பித்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

1958 பிப்ரவரியிலேயே டி.டி.கே. விலகினார். நேருவுக்கு மனசே இல்லை. இந்த விவகாரத்தில் உங்கள் பங்கு மிகச் சிறியது என்று அவருக்கே கடிதம் எழுதினார். ஆனாலும் விலகலை ஏற்றார். அந்த மாதக் கடைசியில் பட்ஜெட். நிதித்துறையைத் தானே எடுத்துக்கொண்டு, பிப்ரவரி 28 அன்று நேருவே பட்ஜெட் வாசித்தார். இந்தியப் பிரதமர் ஒருவர் பட்ஜெட் வாசித்தது அதுவே முதல் முறை. மார்ச்சில் மொரார்ஜி தேசாய் நிதியமைச்சரானார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் சென்னை மவுண்ட் ரோட்டில் எல்.ஐ.சி.யின் பதினான்கு மாடிக் கட்டடத்தைத் திறந்துவைக்க வந்தவரும் அவரே. முந்த்ராவின் பெயர் கேள்விப்படாமலே போயிருந்தால், சொந்த ஊரில் அந்த நாடாவை வெட்டியிருக்கக்கூடியவர் யார் என்பதை அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

இன்று நிலைமை என்ன என்று கேட்பீர்கள். கேள்வி நேரம் இருக்கிறது. இருபது நட்சத்திரக் கேள்விகளில் அமளிக்கிடையே ஐந்தாறுக்கு வாய்மொழிப் பதில் கிடைத்தாலே பெரிது. 2020 செப்டம்பரில் கொரோனாவைக் காரணம் காட்டி அந்தக் கூட்டத்தொடர் முழுவதும் கேள்வி நேரத்தையே ரத்து செய்தார்கள். எழுத்துப் பதில் மட்டும் போதும் என்றார்கள். எழுத்துப் பதிலுக்குத் துணைக் கேள்வி கிடையாது; துணைக் கேள்வி என்ன செய்யும் என்பதை மேலே பார்த்தவர்களுக்கு அதன் இழப்பு புரியும். ‘தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது’ என்ற பதிலும் உங்களுக்குப் பழக்கப்பட்டிருக்கும். அப்படிச் சொல்லி நழுவுவதைப் பின்தொடரவே 1953-லிருந்து அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இயங்குகிறது. அமைச்சர் அவையில் தந்த வாக்கு மூன்று மாதத்தில் நிறைவேறியதா என்று அது பார்க்க வேண்டும். அதைப் பற்றித் தனியாகவே ஒரு வாரம் எழுத இருக்கிறேன்.

எனக்கு உறுத்துவது வேறு. ஃபெரோஸ் காந்தி ஆளுங்கட்சிக்காரர். இப்போது ஆளுங்கட்சி வரிசையிலிருந்து எழும் கேள்விகளில் பெரும்பாலானவை, அமைச்சர் தன் சாதனையைச் சொல்ல வழிவிடும் கேள்விகள். எந்தக் கட்சி ஆண்டாலும் இதே கதை, சட்டமன்றங்களிலும் இதே கதை. எதிர்க்கட்சி கேட்டால் அரசியல் என்று ஒதுக்கலாம். சொந்தக் கட்சிக்காரர் விலைப் பட்டியலோடு எழுந்தால் ஒதுக்க முடியாது. நேரு நினைத்திருந்தால் மருமகனை அடக்கியிருக்கலாம். அடக்கவில்லை. சாஸ்திரியின் ராஜினாமாவை நினைத்துப் பெருமூச்சு விடும் நண்பர்கள், இதையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

அந்த நாடகத்தின் பாத்திரங்கள் பிற்பாடு என்ன ஆனார்கள்? முந்த்ரா சிறைக்குப் போனார். ஃபெரோஸ் காந்தி 1960 செப்டம்பரில், 48 வயதுகூட நிறையாமல், மாரடைப்பில் இறந்தார். டி.டி.கே. 1962-ல் திருச்செந்தூரிலிருந்து போட்டியின்றித் தேர்வானார்; 1963-ல் மீண்டும் நிதியமைச்சர். அவர் மீது வேறு சில புகார்களை உறுப்பினர்கள் கொடுக்க, அவற்றை ஒரு நீதிபதி பார்க்கட்டும் என்று அப்போதைய பிரதமர் விரும்பினார். டி.டி.கே. அதற்கு உடன்படாமல் 1965 டிசம்பர் 31 அன்று இரண்டாம் முறையாக விலகினார். அந்தப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி. பதினோரு நாள் கழித்து தாஷ்கண்டில் அவர் உயிர் போயிற்று.

எச்.எம்.படேலின் நடத்தையை விசாரிக்க நீதிபதி விவியன் போஸ் தலைமையில் தனியாக ஒரு குழு அமர்ந்தது. அரசுப் பணியை விட்டு குஜராத் திரும்பிய படேல், கல்விப் பணியில் ஈடுபட்டு, பிறகு அரசியலுக்கு வந்தார். 1977 மார்ச் மாதம் மொரார்ஜி தேசாய் அமைச்சரவையில் அவர் நிதியமைச்சர். இருபது ஆண்டுகளுக்கு முன் அதிகாரி என்பதால் எந்த அவையில் வாய் திறக்க முடியாமல் இருந்தாரோ, அதே மக்களவையில், காலை 11 மணிக்கு, சபாநாயகர் கேள்வி எண்ணை அழைக்க, நிதித்துறைக்காக எழுந்து நின்று பதில் சொன்னார்.

(தொடரும்)